அத்தான் பிடித்த கெண்டை

ஷாமீர்பேட்டை ஏரியில் இந்த வருஷம் ஒரு மீனைக்கூட மிச்சம் வைப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் தனசிங் முடிவு செய்தார். மூங்கில் தூண்டில், நைலான் நரம்பு, தக்கை எல்லாம் வாங்கியாயிற்று. ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும், ரயில்வே ஒர்க்‌ஷாப் சிநேகிதர் பெருமாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் கிளம்பிவிடும். இரைக்கென்று என் சப்பாத்தி மாவில் பாதி போகும். வழியில் சாப்பிடவென்று மீதிப் பாதியும் சப்பாத்தியாகப் போகும்.

நானும் வருகிறேன் என்றேன். கல்யாணமாகி மாரெட்பள்ளிக்கு வந்ததிலிருந்து நான் பார்த்த தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. ஒரு ஏரியைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

"பிள்ளைக்கு ஏரிக்காத்து ஆகாதுளா. அது அழுதா மீன் ஓடிரும்" என்றார் அத்தான்.

சாயங்காலம் இரண்டு கெண்டையோடு வந்தார். அதில் ஒன்று தன்னை ஏரிக்குள் இழுத்ததையும், பெருமாள் இடுப்பைப் பிடித்துக் காப்பாற்றியதையும் நடித்தே காட்டினார். மீனைக் கையில் வாங்கினேன். செவுளுக்குள் ஐஸ்கட்டி. ஏரி அவ்வளவு குளிர்ச்சி போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வந்த மீனுக்குச் செதில் இல்லை. குடலும் இல்லை. குடல் இல்லாத மீன் என் மாவைத் தின்று எங்கே வைத்துக்கொள்ளும்?

கேட்டதற்கு, அங்கேயே கல்லில் உரசிக் கழுவிவிட்டாராம், எனக்கு ஒரு வேலை மிச்சமாம். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்?

சண்டை போட்டால் மீனும் போகும், ஏரியும் போகும். அதனால் புகழ்ந்தேன். கோவிலில் பெண்கள் சங்கத் தலைவி டோரிஸ் அக்காவிடம் அத்தானின் கைராசியைக் கொஞ்சம் விரித்தே சொன்னேன். அக்காவிடம் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி. குடியரசு தினத்தன்று பெண்கள் சங்கம் ஷாமீர்பேட்டைக்கு உல்லாசப் பயணம் போகிறது, பிள்ளைகளோடு வரலாம், மதியச் சாப்பாட்டுக்குச் சகோதரர் தனசிங் பிடிக்கும் மீன் என்று அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவித்தார். அத்தான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, என்னத்தச் சொல்லி வச்சிருக்க? ஒரு வேன் ஜனம்ளா."

"வாரா வாரம் பிடிக்கத்தான செய்றிய?"

"அது... ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருக்குப் பிடிக்கிற கை, முப்பது பேருக்குப் பிடிக்காதா? மாவு கூடக் கொஞ்சம் பிசைஞ்சு தாரேன்."

"பிள்ளைக்குக் காத்து..."

"எல்லா வீட்டுப் பிள்ளையும்தான் வருது அத்தான்."

பெருமாளுக்குக் குடியரசு தினத்தன்று காலை பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஏரி நன்றாக இருந்தது. பிள்ளை தண்ணீரில் காலை விட்டதும் கைதட்டிச் சிரித்தது. எனக்கும் தட்டவேண்டும் போலிருந்தது. அந்தப் பக்கம் அத்தான் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க, முதுகுக்குப் பின்னால் சங்கமே அரைவட்டமாக நின்றது. தக்கை அசையவில்லை. அடுப்பில் சட்டி காய்ந்தது. "தம்பி, எண்ணெய் ஊத்தட்டுமா?" என்று டோரிஸ் அக்கா மறுபடி மறுபடி கேட்டார்.

கடைசியில் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேனில் சும்மா ஒரு நடை வெளியே போய் வருகிறாராம். அதுவரை நான் ஜெபம், பாட்டு என்று எதையாவது ஆரம்பித்து வைக்கவேண்டுமாம்.

"எங்க, அல்வால் மீன் கடைக்கா?"

அவர் தூண்டிலைப் பார்த்தார்.

"போக வேண்டாம். கடை எதுன்னு பெருமாள் அண்ணன் பொஞ்சாதி கமலா சொல்லிட்டா. நேத்தே ரெண்டு பேரும் போய் வாங்கி ஐஸ் போட்டு, காலையில வேன் சீட்டுக்கடியில வச்சாச்சு. ஞாயித்துக்கிழமைக்குச் சாருக்கு எத்தனை எடுத்து வைக்கணும்னு கடைக்காரர் கேட்டாரு. ஒண்ணும் வேண்டாம், இனிமே வாரா வாரம் நானும் பிள்ளையும் கூடப் போறோம், அவரு ஏரியிலயே பிடிச்சிருவாருன்னு சொல்லிட்டேன்."