7,39,39,133: ஒரு நிலுவைக் கோப்பு

'வகுத்தல்' என்று நாங்கள் அழைத்தவரைப் போல ஓயாமல் உழைத்த அரசு ஊழியரைக் கோவில்பட்டியில் நான் கண்டதில்லை. அந்த உழைப்பில் அரசுக்கு ஒரு துளியும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளில் நான் தலைமை எழுத்தராக இருந்த அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு. கடம்பூரிலிருந்து ரயிலில் வருவார். எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாத பகா எண்களே அவருக்கு உத்தமர்கள். ஆறு பேர் இருந்த பிரிவுக்குப் பதின்மூன்று போளி வாங்கி வந்து, மிஞ்சும் ஒன்றைப் பார்த்து ரசிப்பார்.

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியை ஒவ்வொன்றாகக் கழற்றினாலும் மிச்சம் ரயில்தானே? அதுபோல, கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்தாலும் வகுபடாமலே நிற்கும் எண்ணைத் தேடினார். 7, 73, 739 என்று பெட்டி சேர்த்துச் சேர்த்து 7,39,39,133க்கு வந்துவிட்டார். ஏழு இலக்கம்வரை உறுதி. எட்டாவதை உறுதிசெய்ய ஆயிரத்துச் சொச்சம் எண்களால் வகுத்தாக வேண்டும்.

அங்கேதான் விபரீதம். கணக்குப் போட்ட தாள் தபால் கட்டில் கலந்து, அவரே அதற்கு முத்திரை குத்திக் கோப்பு எண் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் ஏறியதை அடிக்க விதியில்லை; முடிவெழுதித்தான் மூட வேண்டும். மாதாமாதம் நிலுவைப் பட்டியலில் 'பொருள்: 73939133' என்று போனது. யாரும் கேட்கவில்லை. பட்டியல்கள் படிப்பதற்காக அனுப்பப்படுவதில்லை.

ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி படித்துத் தொலைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் குற்றக் குறிப்பாணை என்றார். ஓய்வுபெற மூன்று மாதமே இருந்தவருக்கு ஓய்வூதியம் தொங்கிவிடும்.

"வகுபடாதுன்னு எழுதி மூடிரும்வே," என்றேன்.

"இன்னும் நூத்திச் சொச்சம் பாக்கி இருக்கு அண்ணாச்சி. பாக்காம எப்படிக் கையெழுத்துப் போட?"

"முப்பது வருசமா நான் பாக்காமத்தான் போடுதேன்."

"அது அரசாங்க ஃபைலுல்லா."

நான்கு நாள் அவர் தலை நிமிரவில்லை. சன்னலுக்கு வெளியே கரிசல் வெயிலில் மிதந்தது. வெடித்த பருத்தி அசையாமல் நின்றது. பேனா ஊரும் ஓசை மட்டும். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, நாங்களும் மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தோம். முத்திரையைக்கூட ஓசையில்லாமல் குத்தினோம். விழுந்துவிடக் கூடாதே என்று ஓர் எண்ணுக்காக நான் கவலைப்பட்டது அந்த வாரம்தான்.

வெள்ளி மாலை நாலரைக்குப் பேனாவை மூடினார்.

"தனியாத்தான் நிக்குது அண்ணாச்சி."

(அதன் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் வகுபட்டுவிடும் என்பதை ஓய்வுபெறுவதற்குள் கண்டுபிடித்தார். அந்தத் தண்டவாளம் அங்கேயே முடிகிறது.)

முடிந்த கோப்பை எத்தனை காலம் வைப்பது என்று நான்தான் குறிக்க வேண்டும். ஓராண்டில் எரிக்க 'எல்.டிஸ்.'; என்றென்றும் பாதுகாக்க 'ஆர்.டிஸ்.'. இப்படிப்பட்ட காகிதத்துக்கு ஓராண்டே அதிகம். 'ஆர்.டிஸ்.' என்று எழுதிக் கையெழுத்திட்டேன், முழுவதும் படித்துவிட்டு.

திங்கட்கிழமை என் மேசையில் போளிப் பொட்டலம் இருந்தது. எண்ணினேன், பதின்மூன்று. பங்கு வைக்க மனம் வரவில்லை.