எலீனா பார்க்க வருவதாயிருந்த தக்காளி

முன்பின் தெரியாத ஒருவர் நம்மை ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டால் போதும், இருக்கிற கொஞ்ச அறிவும் லீவு போட்டுவிடும். என் அறிவு லீவு போட்டது எலீனாவால்.

படிப்பு முடிந்து, மாரண்டஹள்ளிப் பக்கம் அப்பாவின் தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிகளும் வேலை தேடுகிறவர்களும் கூடும் இணையதளம் ஒன்றில் மட்டும் நான் ‘நிறுவனர், தலைமை அதிகாரி’. (ஊழியர்கள்: அப்பா, அம்மா.) ஒரு நாள் காலை அதில் எலீனா நட்பு கேட்டிருந்தாள். வெளிநாட்டு சாஸ் கம்பெனி இயக்குநராம். “உங்கள் சாதனையைக் கண்டு வியந்தேன், பெரிய ஆர்டர் தர ஆசை” என்று எழுதியிருந்தாள். நான் குதித்த குதியில் வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாய்ந்தது.

அப்பா சம்பந்தம் விசாரிப்பது போலக் கேட்டார். “நம்ம ஆளுங்க யாருக்காச்சும் பழக்கமாடா?”

என் காலேஜ் கூட்டாளிகள் பாதிப் பேர் அவள் நட்பில் இருந்தார்கள்.

“அப்ப நல்ல எடந்தான். சனிக்கெழம வரச் சொல்லு.”

வருகிறேன் என்றாள். பழத்தைச் செடியிலேயே பார்க்க வேண்டுமாம். அந்த வாரம் பாலக்கோடு மார்க்கெட்டில் நல்ல விலை. மண்டிக்காரர் போனில் கூப்பிட்டார். “எங்க சரக்கு வெளிநாடு போவுதுங்க” என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார். அந்தப் போகத்து வெள்ளாமை மொத்தமும் செடியில் பழுத்துத் தொங்கியது. அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். நான் மாட்டுக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் வரவேற்புரை பழகினேன்.

சனிக்கிழமை எலீனா வரவில்லை, ஒரு லிங்க் வந்தது. பயணத்தை உறுதி செய்ய என் பேங்க் விவரம் வேண்டுமாம். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கூட்டாளி சரவணனுக்குப் போன் போட்டேன்.

“யாருன்னே தெரியாது மச்சா. குமார் இருந்தான், நானும் சேந்தேன்.”

குமாருக்குப் போட்டேன்.

“சரவணன் இருந்தானேன்னு சேந்தேன்டா.”

அப்பா திட்டவில்லை. “கூடைய எடு” என்றார், அவ்வளவுதான். அதுதான் அதிகமாக வலித்தது. கை பட்டாலே பழம் உடைந்தது, மண்டியில் யாரும் சீந்தவில்லை. அம்மா அண்டா அண்டாவாகத் தொக்கு கிளறித் தெருவுக்கே கொடுத்தாள்.

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. முதல் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் மனைவி, “தொட்டுக்க என்னங்கத்த?” என்று கேட்டாள்.

“எலீனா இருக்கா கண்ணு” என்றாள் அம்மா, சமையலறையில் தக்காளித் தொக்கை வழித்துக்கொண்டே.

மனைவி என்னைப் பார்த்தாள். “யாருங்க அது?”

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். “இவனப் பாக்க வரேன்னு சொன்ன பொண்ணும்மா. அது வரல, நீ வந்துட்ட.”