பிரஷர் யாருக்கு ஏறியது என்ற விவரம்

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள யோகலட்சுமி அக்காவுக்கு, தம்பி மாரிக்கண்ணன் எழுதுவது. வாசுதேவநல்லூரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கல்யாணமான ஆண்களுக்கு ஆயுசு கெட்டி என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு, பிரஷர் நூற்று அறுபது, ராத்திரிக்கு தினமும் புரோட்டா. இதைக் காட்டி நீ குருவிகுளத்தில் பெண் பார்க்கக் கிளம்பியதும் தெரியும். வீடியோ பொய் என்று நிரூபிக்க, பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு, ஞாயிறன்று எங்கள் ஆபீஸ் பாண்டியராஜன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், எப்படியும் இருநூறு காட்டும் என்று நம்பிக் கையில் பட்டையைச் சுற்றினால், நூற்றிருபது. இடது கை, வலது கை, நின்று, உட்கார்ந்து, எப்படிப் பார்த்தாலும் நூற்றிருபது. "ஏலே, எனக்கு என்னல கொறச்சல்? மாத்திரை, சுண்டல், சுடுதண்ணி எல்லாம் நேரத்துக்குக் கைக்கு வந்துருது" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. காபி கொண்டுவந்த அவர் மனைவி இசக்கிசெல்வி மதினி, "எனக்கும் பாருங்க தம்பி, ரெண்டு நாளா தலை சுத்துது" என்று கையை நீட்டினார். நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை போடவில்லையா என்று கேட்டேன். "அவுகளுக்கு எடுத்துக் குடுக்கதுல எனக்கு மறந்து போவுது." உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வீட்ல இவங்கள யாரு பாத்துக்கிடுதா?" என்று டாக்டர் கேட்டதும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் மெஷினைப் பார்த்தேன். இரண்டு நாள் படுக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். இப்போது அண்ணாச்சிதான் சோறு பொங்குகிறார், மதினி கையில் மாத்திரையை வைத்து விழுங்குகிற வரை நகர மாட்டேன் என்று நிற்கிறார்.

ஆகவே அக்கா, வீடியோ நிஜம்தான். ஆனால் ஆம்பளைக்குக் கூடுற ஆயுசை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதில் சொல்லவில்லை. என் பிரஷரை இறக்க இன்னொருத்திக்கு ஏத்த மாட்டேன். தீர்மானமாச் சொல்லுதேன், கல்யாணம் கிடையாது. புரோட்டாவை விட்டாச்சு, நானே கஞ்சி வைக்கேன், காலையில ரதவீதியை நாலு சுத்து நடக்கேன். குருவிகுளத்துக்காரர்களிடம் நீயே நயமாகச் சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். சொல்லைத் தட்டியதற்கு வையாமல், நான் நூறு வயது தனியாக வாழ வாழ்த்து.

தம்பி,
மாரிக்கண்ணன்

பி.கு.: இன்று காலை நடக்கும்போது, என்னைப் போலவே தினமும் ரதவீதியில் நடக்க வரும் ராஜேஸ்வரி டீச்சரிடம் இந்தத் தீர்மானத்தைச் சொன்னேன். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவர், பிரஷர் கிடையாது. முழுவதும் கேட்டுவிட்டு, "நானும் இருவது வருசமா வேண்டாம்னுதான் சொல்லுதேன். ஆனா பொண்டாட்டிக்கு பிரஷர் ஏறிருமேன்னு பயப்படுத ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன். அக்காவ வந்து பேசச் சொல்லுங்க" என்றார். அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. பட்டுச்சேலை கட்டி வா.