பட்டம்மாள் வீட்டு ஜன்னல்

கொண்டுபோய்க் கொடுத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, பட்டம்மாள் திரையைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்ப வந்து நின்றாள். கீழே ஒரு சாண் பத்தவில்லையாம்.

செண்பகம் வெளியாருக்கென்று தைத்த முதல் ஜன்னல் திரை அது. பேரணாம்பட்டில் பத்து வருஷம் பீடி சுற்றி, புகையிலைத் தூளில் இருமி இருமி அலுத்துப்போய், முப்பத்தெட்டு வயதில் தையல் கற்க உட்கார்ந்தவள் அவள். கற்றுக்கொடுத்த வஜீதா அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆம்பூர் வரைக்கும் தோல் முதலாளிகளின் பங்களாக்களில் தொங்கிய திரைகளில் பாதி வஜீதாவின் கைவேலை. இப்போது இருபத்திரண்டு ஜன்னல் வைத்த புது பங்களா ஒன்று அவளிடம் வந்திருந்தது. கூடத் தைக்க ஆள் வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு ஜன்னலுக்கு நீங்களே தெச்சுக் குடுங்க அக்கா. வீட்டுக்காரங்க சரின்னுட்டா, திங்கக்கிழமையே பங்களா வேலைக்கு வந்துடுங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அடுத்தவர் சொன்ன அளவுக்குக் கத்தரி வைக்கக் கூடாது என்பது வஜீதாவின் முதல் பாடம். செண்பகம் முதலில் மீறியதே அதைத்தான். என்ன செய்வது, அந்தத் தெருவில் திரை வேண்டும் என்று கேட்டவள் பட்டம்மாள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை அவள் மகள் சௌந்தரத்தைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருகிறார்கள். அதற்குள் வேண்டும். ஆனால் அளவெடுக்க வருகிறேன் என்றால் மட்டும், வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, நானே அளந்து சொல்கிறேன் என்று ஒரே பிடிவாதம். மூன்றடி அகலம், நாலடி உயரம் என்று அளந்தும் சொன்னாள்.

சுருக்கம் விழுவதற்காக அகலத்துக்கு இரண்டு பங்கு துணி, மேலே கம்பி நுழைய ஒரு மடிப்பு, கீழே துணி விறைப்பாக நிற்க அகலமாய் இன்னொரு மடிப்பு. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்திருந்தாள். பிறகு எப்படி ஒரு சாண் குறையும்?

ஈரக்காற்றில் கோடித்துணி சுருங்கியிருக்கும் என்று அவளாகவே முடிவுக்கு வந்தாள். கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கி, ஓரத்தை மெல்லிசாக அடித்துக் கொடுத்தனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பட்டம்மாள் மறுபடி வந்தாள். இன்னும் ஒரு சாண் பத்தவில்லை.

இனி இறக்க மடிப்பு இல்லை. செண்பகம் சிவப்புத் துணியில் கொசுவம் வைத்து, அடியில் பாவாடைபோல ஒரு தொங்கல் சேர்த்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். சிவப்புச் சாயம் கிளம்பி வெள்ளைத் துணியில் பாதி தூரம் ஏறிவிட்டது. கறையை மறைக்கப் பச்சையில் இலையும் மஞ்சளில் பூவுமாக வெட்டி வைத்துத் தைத்தாள். பூக்களின் கனத்தில் திரை நடுவில் தொப்பை போட்டது. அதைத் தாங்க உள்பக்கம் அழுத்தமான துணி கொடுக்க வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவள் புருஷன் சுப்பராயனின் கல்யாண வேட்டி.

தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்த சுப்பராயன், மெஷினுக்கு அடியில் தன் வேட்டியின் சரிகைக் கரை போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"இன்னா தெக்கிற நீ? ஜன்னலுக்கா, தேருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

வியாழக்கிழமை பட்டம்மாள் வந்தபோது உயரம் சரியாகிவிட்டிருந்தது. இடது பக்கம் ஒரு முழமும் வலது பக்கம் அரை முழமும் பத்தவில்லை. நேற்று இருந்ததுதானே என்று செண்பகம் கேட்டதற்கு, பட்டம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, நேற்று இருந்தது, இன்று இல்லை என்றாள்.

செண்பகம் தன் அளவு நாடாவைக் கொண்டுபோய் ஜவுளிக்கடைக் கஜக்கோலோடு வைத்துப் பார்த்தாள். நாடாவில் ஒரு நூல்கூடப் பிசகில்லை. அப்படியானால் பிசகு தன் கையில்தான். இந்தக் கைக்குப் பீடி இலை வெட்டத்தான் வரும், வஜீதாவிடம் சொல்லிவிட்டுப் பழைய பீடி முறத்தையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுப்பராயன் துணியின் மறுமுனையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டான். "வேட்டிதான் போயிடுச்சே. முடிச்சுட்டே போ" என்றான்.

செண்பகம் தன் நீலப் புடவையின் முந்தானையைக் கிழித்து இரண்டு பக்கமும் பட்டையாகச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை, தைத்த திரையைக் காட்ட அவள் வஜீதாவோடு பட்டம்மாள் வீட்டு வாசலை மிதித்த அதே நேரத்தில், குடியாத்தம் ரயிலடியிலிருந்து வேலூர்க்காரர்களின் வண்டியும் வந்து நின்றது. வருகிற கூட்டத்தில் இந்த இருவரை மட்டும் எப்படித் தடுப்பது? பட்டம்மாள் எல்லோரையும் உள்ளே விட்டாள்.

கூடத்துச் சுவரில், ஆள் உயரத்தில் தொடங்கித் தரைவரை தொங்கியது திரை. நீலக் கரை, மஞ்சள் பூ, பச்சை இலை, சிவப்புத் தொங்கல். செண்பகம் தலை நிமிரவில்லை. வஜீதா நாலடி தள்ளி நின்று ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். கிட்டே போகத்தான் முடியவில்லை. பட்டம்மாள் திரைக்கு முன்னால் காவல் நின்று, நெருங்கியவர்கள் கையிலெல்லாம் காபி டம்ளரைத் திணித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் மீனாம்பாள் பெண்ணைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். இப்படி ரசனையுள்ள வீட்டில் வளர்ந்த பெண் சோடை போக மாட்டாள் என்று சொல்லித் தாம்பூலம் மாற்றச் சொன்னாள். மாற்றியதும், வேலூர் சத்துவாச்சாரியில் தங்கள் வீட்டுக்கும் ஆறு ஜன்னல் உண்டு, தைத்த கை யாருடையது என்று விசாரித்தாள்.

"நம்ம செண்பகம்தான். எத்தினி தபா கொண்டாந்து குடுத்தாலும் மூஞ்சி சுளிக்காம தெச்சுக் குடுத்தா" என்றாள் பட்டம்மாள்.

வஜீதா செண்பகத்தின் காதருகே குனிந்தாள். "தையல் ஒண்ணுகூட தப்பலை. திங்கக்கிழமை வந்துடுங்க அக்கா. ஆனா அண்ணன் வேட்டியை இனிமே தொடாதீங்க."

செண்பகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தகப்பனார் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது, அந்தத் திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்றார். பட்டம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெற்றிலைத் தட்டோடு வந்த கல்யாணப் பெண் சௌந்தரம் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தாள்:

"அங்க ஜன்னல் ஏதுங்க மாமா, மழைக்குச் செவுத்துல ஓதம் பரவிக்கினு இருக்குது, அது தெனம் பெருசாவப் பெருசாவத்தான் எங்கம்மா துணியத் தூக்கிக்கினு இந்தக்கா வூட்டுக்கு ஓடுனாங்க."