கோபக்கார யானைக்குக் கண் திறந்த கதை

ஜப்பான்காரனை நான் ஒருவனே விரட்டியடிப்பது என்று முடிவு செய்தேன். கையில் துப்பாக்கி கிடையாது. நெஞ்சில் தைரியமும் கிடையாது. தூரிகை இருந்தது. தேங்காய் நாரில் நானே கட்டியது.

என் பெயர் சேதுராமன். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்த சண்டைக்கு முன்னால் பண்டார் ஹிலிரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் ஓடிப்போனான், கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது, நான் முழுநேர ஓவியன் ஆகிவிட்டேன். மாம்பழம், மயில், தாமரை என்று வரைகிற ஆள் இல்லை நான். கண்டதை எவன் வேண்டுமானாலும் வரைவான், காணாததை வரைகிறவன்தான் கலைஞன் என்பது என் கட்சி. சிறகு முளைத்த முதலை, மீசை வைத்த மீன், புகை பிடிக்கும் பாம்பு என்று தினம் ஒரு பயிற்சி. பெட்டிப் பலகை, சுவர், கதவு எதையும் விட்டுவைப்பதில்லை. கரி, செங்கல் தூள், சுண்ணாம்பு எல்லாம் ஓசி. செட்டி வீடுகளில் பலகாரத்துக்கு நீலம் ஏற்ற வளர்க்கிற சங்குப்பூவும் ஓசி. மஞ்சள் மட்டும் பாக்கியத்தின் அடுக்களையிலிருந்து திருட வேண்டும்.

பாக்கியம் என்றால் பாக்கியலட்சுமி. என் மனைவி. அவளுடைய தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. சோறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், மரவள்ளிக்கிழங்குதான். ஊரில் துணியே இல்லாத காலம். கோணிச் சாக்கை வெட்டிக் கால்சட்டை தைத்துக் கொடுப்பாள். போட்டவர்கள் நாளெல்லாம் சொறிந்துகொண்டே அவளை வாழ்த்துவார்கள். அவள் அப்பா சீராகக் கொடுத்த மெஷின். நானும் மெஷினும் ஒன்றாக ஆற்றில் விழுந்தால் யாரை முதலில் தூக்குவாய் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. தெரிந்த பதிலைக் கேட்பானேன்?

அப்படிப்பட்ட மெஷினுக்குத்தான் ஆபத்து வந்தது. பக்கத்து வீட்டு நாகூர் மீரான் பாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி! என் சைக்கிள் போச்சு!"

"கன்னத்துக்கு என்னா பாய்?"

"சைக்கிளக் கொடுக்கும்போது குனிஞ்சு கும்புட மறந்துட்டேன். பளார்னு ஒண்ணு வச்சான் ஜப்பான்காரன். வீடு வீடா வர்றானுவ. சைக்கிள், ரேடியோ, தையல் மெஷின், எதையும் வுடல. நாளைக்கி நம்ம தெருவாம்!"

பாக்கியத்தின் மெஷின் டக்கென்று நின்றது.

"என்னாங்க, புக்கிட் ரம்பாய்க்கு, எங்க சித்தப்பா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

"வழியிலயே புடுங்கிக்குவான்."

"அப்ப கெழங்குக் கொல்லையில குழி வெட்டுங்க. பொதைச்சிரலாம்."

குழி என்றதும் எனக்கு முதுகு வலித்தது. முதுகு வலித்தால்தான் எனக்கு மூளை ஓடும்.

"குழி வேணாம் பாக்கியம். கலை போதும். வாசல்ல ஒரு படம் மாட்டறேன். பாத்தவன் அலறிட்டு ஓடுவான்."

"எருமைக்கு றெக்கை வெச்சு மாட்டுனா ஓடிருவானா?"

"எருமை இல்லடி! நம்ம ஊரு பேரு என்னா? கஜா பெராங். மலாய்ல கோபக்கார யானை. அந்த யானைக்கு யாளி வாய், கழுகு றெக்கை, சீனன் கோயில் டிராகன் வாலு. பேரு கஜசிம்மசர்ப்பபட்சி. பயங்கரமா இருக்கும்!"

"இந்தக் கரத்தால எனக்கு என்னா பயன்? பயங்கரமாம்!"

பாய் கன்ன வலியோடு சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பந்தயம்! என் படம் மெஷினக் காப்பாத்திட்டா மஞ்ச டப்பா எனக்குச் சொந்தம். இல்லேன்னா தூரிகைய அடுப்புல போடறேன்."

"போட்டுட்டு மம்மட்டியத் தூக்கணும்."

"தூக்கறேன்."

"பாய், நீங்கதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு மஞ்சள் டப்பாவை நீட்டினாள். இன்னொரு கையால் மெஷினைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. மெஷின் போனால் நாங்கள் பட்டினிதான்.

அவள் சாக்குகளை ஒட்டித் தைத்துக் கொடுத்தாள். அன்று பூராவும் வரைந்தேன். மயிலைக் கூட இவ்வளவு அக்கறையாக முருகன் வளர்த்திருக்க மாட்டார். கரியில் உடம்பு, மஞ்சளில் வரி, சங்குப்பூ நீலத்தில் சிறகு. வாய்க்குள் செங்கல் தூளைக் குழைத்து அப்பியதில் எனக்கே அதன் பக்கத்தில் நிற்க ஒரு மாதிரி இருந்தது. கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். சாமி சிலைக்கே கண்ணைக் கடைசியில்தானே திறக்கிறார்கள்? காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து திறப்பதாகத் தீர்மானம்.

"கண்ணு இல்லாம தொங்குதே. சீக்கிரம் வந்துருங்க" என்றாள் பாக்கியம், விடிந்ததும்.

"யாரும் தொடக்கூடாது. தெய்வகாரியம்!" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பிள்ளையாரிடம் கொஞ்சம் விவரமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பி வந்தால் எங்கள் வாசலில் ஜப்பான் சிப்பாய்கள்! என் கால் தானாகவே பாய் வீட்டு வாழை மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அங்கே பாய் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

சிப்பாய்களின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படம் அவர்களுக்கு எதிரே. முன்னால் நின்றவன் உற்றுப் பார்த்தான். துப்பாக்கியைக் கீழே இறக்கினான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பாய், நடுங்குறான்!"

"அட, ஆமா தம்பி!"

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"காவாய்! காவாய்!"

எனக்குப் புல்லரித்துப்போனது. "கேட்டீங்களா பாய்? சுத்தத் தமிழ்! காவாய்னா 'என்னைக் காப்பாத்து'ன்னு அர்த்தம். சாமிகிட்ட கதறுற சொல்லு. பயத்துல அவனுக்குத் தமிழே வந்துருச்சு!"

சிப்பாய்கள் படத்தைக் கழற்றிச் சுருட்டினார்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்கள். என் யானையைக் கைது செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஓடினேன். பாக்கியம் மெஷினைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஜெயிச்சிட்டேன் பாக்கியம்! அதுவும் கண்ணே இல்லாம!"

"அது வந்துங்க..." என்று கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் கரி ஆனது. விரலில் அடுப்புக் கரி போலும்.

"வந்ததும் தெரியும், ஓடுனதும் தெரியும். மஞ்ச டப்பா எங்க?"

ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அப்புறம் என் நடையே மாறிவிட்டது. "குருட்டு யானையப் பாத்தே அவனுக்கு இந்தக் கதி. கண்ணு இருந்திருந்தா டோக்கியோ வரைக்கும் ஓடியிருப்பான்" என்று சொல்லாத ஆள் இல்லை. பாய் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். தெருவில் எனக்கு 'காவாய் ஓவியர்' என்றே பட்டம் வந்துவிட்டது. குனிந்து கும்பிட வேண்டிய காலத்தில் நான் ஒருவன் நிமிர்ந்து நடந்தேன். சிப்பாய் எதிரே வந்தால் மட்டும் குனிவேன்.

கொஞ்ச நாள் கழித்து, அன்று முன்னால் நின்ற அதே சிப்பாய் தனியாக வந்தான். தோளில் ஒரு மூட்டை. வாயை அவிழ்த்துக் காட்டினான். அரிசி! நெஜ அரிசி! அரிசியைக் காட்டினான், என் தூரிகையைக் காட்டினான். இன்னொரு படம் வேண்டுமாம்.

இந்த முறை ஓவியனின் முழு பலத்தையும் காட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். கண்ணையும் நானே திறந்தேன். செங்கல் சிவப்பில் விழி, உள்ளே நரம்பு, ஓரத்தில் நெருப்பு. சாக்கைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

சிப்பாயின் சிரிப்பு மறைந்தது.

"கொவாய்" என்றான். முகத்தைச் சுளித்தான். அரிசி மூட்டையின் வாயைக் கட்ட ஆரம்பித்தான்.

"பாக்கியம், காவாய்ங்கிறத கொவாய்ங்கிறான்! எழுத்துப் பிழை! ஆனா அரிசிய ஏன் கட்டறான்?"

பாக்கியம் அடுக்களையிலிருந்து வந்தாள். சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினாள். என் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கினாள். என் நெருப்புக் கண்ணில் சுண்ணாம்பைப் பூசி, அதன் மேல் கரி விரலால் இரண்டு உருண்டைக் கண் போட்டாள். நீள நீளமாக இமை. கன்னத்தில் குழி. கடைசியாகக் குழந்தைக்கு வைப்பதுபோல ஒரு திருஷ்டிப் பொட்டு. என் கஜசிம்மசர்ப்பபட்சி, பால் குடித்துவிட்டுத் தூக்கத்துக்குச் சிணுங்குகிற பிள்ளையாகிவிட்டது.

"காவாய்!" என்றான் சிப்பாய். தோள் குலுங்கியது. நான் இப்போது முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கையைத் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் பிடித்து ஒரு குழந்தையின் அளவைக் காட்டினான். ஊரில் மகள் இருக்கிறாள் போல. அரிசி மூட்டையை வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினான். எனக்கில்லை, பாக்கியத்துக்கு.

அவன் போகும்வரை நான் வாயை மூடவில்லை. பிறகும் மூடவில்லை.

"அது காவாய் இல்ல, கவாய். ஜப்பான் பாஷையில கொஞ்சணும்போல இருக்குன்னு அர்த்தம். பயமா இருந்தாத்தான் கொவாய்" என்றாள் அரிசியை அளைந்தபடி. "உப்பு தர்றாங்கன்னு நிப்போங்கோ பாஷை வகுப்புக்குப் போறேனே, அங்க சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்ப அன்னைக்கு...?"

"நீங்க பிள்ளையார்கிட்ட கதை பேசிக்கிட்டிருந்தீங்க. பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. துப்பாக்கி வெச்சிருக்கிறவன யானை மொறச்சா சும்மா வுடுவானா? நான்தான் சட்டுனு கண்ணப் போட்டேன்."

"பந்தயம் என்னாவறது?"

"ஒடம்பு உங்களோடது, கண்ணு என்னோடது. மஞ்ச டப்பாவும் உங்களுக்குத்தான், மம்மட்டியும் உங்களுக்குத்தான்."

அரிசி கொதிக்கிற வாசனை தெருவெல்லாம் மணந்தது. பாய் தட்டோடு வந்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று தாங்கவில்லை.

"ஏன் பாக்கியம், இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியே?"

"யானைக்குக் கண்ணத் தெறக்கக் கரி போதும்ங்க. உங்களுக்குத் தெறக்க ஒரு மூட்டை அரிசியில்ல வரவேண்டியிருந்துச்சு!"