படகின் முன்னிருக்கை

இந்த வருஷத் தம்பதி மீன்பிடிப் போட்டிக்கு என் மனைவி வெர்னாவின் தூண்டில் சாமான்களை நானே நேரில் போய், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று தீர்மானம் செய்தேன். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க முழுக்க அயோக்கியத்தனம்.

விஷயம் ஒரு நாற்காலியைப் பற்றியது. என் படகில் இரண்டு இருக்கைகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் உட்காருகிறவன் காலடியில் மோட்டார் பெடல். எந்தப் புதர் ஓரம் போகலாம், எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் அவன் கால் முடிவு செய்யும். நாங்கள் பிடிக்கும் பாஸ் மீன் பதுங்கியிருக்கும் இடத்தில் முதல் வீச்சும் அவனுக்கே. அவன் கலக்கி முடித்த தண்ணீரில்தான் பின்னால் இருப்பவர் தூண்டில் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக முன்னால் நான், பின்னால் வெர்னா. உலகம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, வறுத்த கோழியைத் தட்டில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டெல்மர், தம்பதி போட்டியில இந்தத் தடவ நமக்குள்ள ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"யாரு பிடிக்கிற மீனு எடை கூட வருதோ, அடுத்த வருஷம் வரைக்கும் முன்சீட்டு அவங்களுக்கு."

எனக்குப் புரை ஏறியது. "முன்னாடி உக்காந்து நீ என்ன பண்ணப் போற?"

"ஏரியப் பாக்கப் போறேன். பத்தொம்பது வருஷமா உன் முதுகத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

"என் முதுகுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சலே இல்ல கண்ணு. வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகுது. அதான் ஏரி தெரியல."

மானமுள்ள ஆண் இதற்குப் பிறகு பந்தயத்தை மறுக்க முடியுமா? ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. ஏனென்றால் வெர்னாவுக்கு மீன் பிடிக்கத் தெரியும். பின்னால் உட்கார்ந்து, என் மிச்சத் தண்ணீரிலேயே போன வருஷம் ஐந்து பவுண்டு மீன் ஒன்றைத் தூக்கியவள். அதைத் தற்செயல் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்லவேளையாக எங்கள் கோல்டர் ஏரி கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தம்பதி போட்டியன்று மனைவியின் தூண்டில் கம்பான ராடு, நூல் சுற்றும் ரீல், இரை எல்லாவற்றையும் கணவன்தான் தேர்ந்தெடுத்து, நூல் கோத்து, முடிச்சுப் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். மனைவிக்குக் காட்டும் மரியாதையாம். அந்த மரியாதைக்கு நடுவில்தான் நான் புகுந்தேன்.

கடைக்கு அழைத்துப் போனேன். வெர்னா நேராகப் போய் ஒரு ராடை எடுத்து நுனியை ஆட்டிப் பார்த்தாள்.

"இது நல்லா இருக்கு. லேசா இருக்கு. மீனு இரைய மோந்து பாத்தாக்கூடக் கைக்குத் தெரியும் போல."

சரியாகச் சொன்னாள். அதே ராடைத்தான் நான் எனக்கென்று குறித்து வைத்திருந்தேன். பிடுங்கிக்கொண்டேன்.

"அது சின்னப் பசங்க விளையாடுறது. உனக்கு உறுதியா வேணும்."

பெரிய கெளுத்தி மீனைக் கரைக்கு இழுப்பதற்கான ராடு ஒன்று மூலையில் தூசி படிந்து நின்றது. அதைக் கொடுத்தேன்.

"டெல்மர், இத வெச்சு வீட்டு ஒட்டடை அடிக்கலாம்."

"அந்த அளவுக்கு உறுதி!"

"ரீலு என்ன, சுத்தச் சுத்த நூலு வரவே மாட்டேங்குது?"

"மெதுவாத்தான் வரணும். அப்பத்தான் மீனுக்குச் சந்தேகம் வராது."

"நூலு இவ்வளவு தடியா இருக்கே. துணி காயப் போடறதா?"

"அறுந்து போகாதுல்ல?"

இரை வைத்திருந்த வரிசைக்கு வந்தோம். ரப்பர் புழுக்களில் பளீரென்ற ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டலம் எடுத்தேன்.

"ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெடக்கு. ரோஸ் புழுவப் பாத்தா மீனு மிரண்டு ஓடாதா?"

"பொம்பளைங்க போடற இரைக்கு ரோஸ்தான் ராசி."

இதைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வெர்னா என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாததா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த உடனே நான் பந்தயத்தை ரத்து செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவளை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி கடைக்குள் போய் எனக்கு அந்த லேசான ராடு, வேகமான ரீல், கண்ணுக்கே தெரியாத மெல்லிய நூல், பாசி நிறப் புழு, நண்டு நிறக் குஞ்சம் கட்டிய இரை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் தூண்டில் முட்கள் ஒவ்வொன்றின் முனையையும் அரம் போட்டு மழுக்கினேன். அரத்தை என் பையில் போட்டுப் பூட்டினேன். சாவியை வழக்கம்போல அடுப்படியில் தொங்கவிட்டேன். என் மூளைக்கு அன்று அவ்வளவுதான் எட்டியது.

போட்டியன்று விடிகாலை. ஏரி முழுக்கப் பனிமூட்டம். பன்னிரண்டு படகுகள். குலுக்கலில் எங்களுக்கு ஒன்றாம் எண். முதலில் கிளம்ப வேண்டியவர்கள் நாங்கள். பக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஹாய்ட்டும் அவன் மனைவி டோவியும். போன வருஷக் கோப்பை ஹாய்ட் வீட்டில்தான் இருக்கிறது. நான் அங்கே காபி குடிக்கப் போகும்போதெல்லாம் அதை என் கண்ணெதிரே துடைப்பான்.

கரையில் வைத்து என் பையைத் திறந்தேன். என் பாசி நிறப் புழுக்களின் மேல் ஒரு வாழைப்பழம் சாய்ந்து படுத்திருந்தது. மஞ்சள். நன்றாகப் பழுத்தது.

மீன் பிடிக்கப் போகிறவன் கிட்டே வாழைப்பழம் வரக்கூடாது; வந்தால் அன்று ஒரு மீனும் சிக்காது. ஏன் என்று கேட்காதீர்கள். என் அப்பா கேட்கவில்லை. அவருடைய அப்பாவும் கேட்கவில்லை. வாழைப்பழம் படம் போட்ட பனியனோடு படகில் ஏற வந்த என் சொந்த மைத்துனனைக் கரையிலேயே பனியனைத் திருப்பிப் போட வைத்தவன் நான்.

"வெர்னா!"

"ஓ, அதுவா? நடுவுல உனக்குப் பசிக்குமேன்னு நேத்து சாயங்காலம் வெச்சேன்."

"வாழப்பழத்தையா!"

"சத்து கண்ணு. டாக்டரே சொல்லியிருக்காரு."

ஹாய்ட் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"போச்சு! நேத்து சாயங்காலத்துலேர்ந்தா உள்ள இருக்கு?"

"ஆமா."

"ராடெல்லாம் பையோட சேத்துத்தான கட்டியிருந்த?"

"ஆமாய்யா."

"அப்ப ராடும் போச்சு. இரை போச்சு. ரீலு போச்சு. ஒண்ணத் தொடாத. படகுல ஏத்தறதுக்கு முன்னாடி பாத்துட்ட, அதனால படகு தப்பிச்சுது."

டோவி மிகவும் பணிவாகக் கேட்டாள். "யாரு பையில பழம் இருந்தாலும் இதே கதிதானா ஹாய்ட்?"

"யாரு பையா இருந்தா என்ன? சட்டம்னா சட்டந்தான்!" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிப் பக்கம் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

நான் யோசித்தேன். மட்டமான சாமானைத் திறமையால் ஜெயிக்கலாம். வாழைப்பழத்தை எந்தத் திறமையாலும் ஜெயிக்க முடியாது. அந்தப் பழம் பட்ட சாமானை வைத்து வெர்னாவாலும் ஒரு மீன் பிடிக்க முடியாது. அப்படியானால்?

"வெர்னா, கண்ணு, உனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதே. நம்ம ரெண்டு பேரும் சாமான மாத்திக்கலாமா?"

"ஐயோ, மாட்டேன். நீ எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது."

"பரவால்ல, குடு."

"ரோஸ் எனக்கு ராசின்னு சொன்னியே."

"எனக்கும் ராசிதான். குடும்மா!"

"சரி, உனக்காகத் தரேன். ஆனா உன் ராடு நீளமா இருக்கு. பின்னாடி உக்காந்து வீசினா உன் தலையிலதான் மாட்டும். இன்னிக்கு மட்டும் நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

எங்கே உட்கார்ந்தால் என்ன, அவளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கப் போவதில்லையே என்று பின்னால் போய் உட்கார்ந்தேன். பழத்தைக் கரையிலிருந்த குப்பைத் தொட்டியில் குச்சியால் தள்ளிவிட்டுத்தான் ஏறினேன்.

பனிக்குள் நுழைந்து ஏரியின் கடைசி மூலைக்குப் போனோம். அரை மணி நேரத்தில் வெர்னா முதல் மீனைத் தூக்கினாள். மூன்று பவுண்டு. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. என் ராடு அவள் கையில் வளைந்து நிமிர்ந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பழத்துக்கு அவளைத் தெரியவில்லையா? நான் அந்த ஒட்டடைக் கம்பை வீசி வீசித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

பத்து மணிக்கு அந்த அதிசயம் நடந்தது. எந்த மடையன் மீனோ ரோஸ் புழுவைக் கவ்வியது. எப்படியும் ஏழு பவுண்டு இருக்கும். படகு வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தது. முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மீன் போய்விட்டது. நான் அழாத குறை.

"அடடா, மாட்டலியா?" என்றாள் வெர்னா, திரும்பாமலே.

"முள்ளுல கூரே இல்ல!" என்று கத்திவிட்டேன்.

"அப்படியா? தீட்டிக்கோயேன். அரம் உன் பையிலதான் இருக்கு. இரும்புத் தூள்கூட இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு."

ஒட்டடைக் கம்பைக் கீழே வைத்தேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரிதான். அங்கிருந்து ஏரி தெரிவதில்லை.

எடை போடக் கரைக்குத் திரும்பினோம். வெர்னா ஐந்து மீன், பதினெட்டு பவுண்டு. டெல்மர் ஒன்றுமில்லை. பனி விலகி வெயில் அடித்தது. மற்ற படகுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்போதுதான் கவனித்தேன். முதல் படகில் முன்னிருக்கையில் ஒரு பெண். அடுத்ததிலும் பெண். அதற்கடுத்ததிலும். பின்னிருக்கைகளில் என் கிளப் நண்பர்கள், ஆளுக்கொரு உதவாத ராடைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படகில் டோவி பெடலை மிதித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாய்ட். அவன் மடியில் ஒரு ரோஸ் புழு.

"ஹாய்ட், நீயுமா?"

"ஒண்ணும் கேக்காத" என்றான்.

நான் வெர்னா பக்கம் திரும்பினேன். "இத்தன பேருக்கும் டாக்டர் சத்துன்னு சொன்னாராக்கும்?"

வெர்னா என் ராடைத் துடைத்து, தன் உறையில் போட்டுக் கட்டினாள்.

"ரெண்டு சீப்பு வாங்கினோம் கண்ணு, பதினாலு பழம். பன்னெண்டு புருஷங்க பையிலயும் ஒண்ணொண்ணு வெச்சது போக மிச்சம் ரெண்டு இருந்துச்சு. அத நானும் டோவியும் கிளம்பறதுக்கு முன்னாடியே தின்னுட்டோம்."