துர்க்கு அத்தைக்கு, தங்கம் கிடைக்காத கதை

பள்ளிக்கூடக் காவலாளர் வீடு,
இவாலோ ஆற்றுக்கு மேற்கே,
ஆகஸ்ட் 27

மரியாதைக்குரிய ஹெல்லி அத்தைக்கு மெர்வி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, பூனை மறுபடி சாப்பிட ஆரம்பித்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா எதையும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற முகத்தோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கடிதமும், வெள்ளைச் செருப்புக்காக என் பாதத்தை அளக்கச் சொல்லி நீங்கள் வைத்திருந்த நூலும் வந்து சேர்ந்தன. நூலில் முடிச்சுப் போட்டுத் திருப்பி வைத்திருக்கிறேன். செப்டம்பர் முதல் தேதி உங்கள் தெரு முனை கேக் கடையில் வேலைக்குச் சேர எனக்குச் சம்மதம். மிகவும் மகிழ்ச்சி. வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே படிப்பை விட்டவள் நான், அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து "அடுத்தவர் வாங்க!" என்று சத்தமாகச் சொல்லத் தினமும் பழகு என்று எழுதியிருந்தீர்கள். பழகுகிறேன் அத்தை. மனிதர்களிடம் வரவில்லை, வேலியோரம் வரும் கலைமான்களிடம் வருகிறது. நான் "அடுத்தவர் வாங்க!" என்றதும் எல்லாம் ஓடிவிடுகின்றன. நேற்று ஒன்று மட்டும் நின்று என்னையே பார்த்தது. சந்தோஷப்பட்டு அப்பாவிடம் சொன்னேன். அதற்குக் காது கேட்காது என்றார்.

அப்பாவைப் பற்றி, "இல்மோவுக்குப் பைத்தியமா?" என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். மே மாதம் துர்க்குவிலிருந்து தங்கம் தேடி இந்த வடகோடிக்குக் குடிவந்த மூன்றாம் நாள், கடையில் அப்பா ஒரு மண்வெட்டியும் ரப்பர் பூட்சும் அகலமான இரும்பு அரிப்புச் சட்டியும் வாங்கினார். ஆற்றுமணலைச் சட்டியில் அள்ளி, தண்ணீரில் முக்கி ஆட்டினால் மணல் வெளியே போகும், தங்கம் கனமானதால் அடியில் தங்கும், அவ்வளவுதான், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றார். போய் ஓடைக்கரையில் ஓர் இடத்தைப் பிடித்துத் தோண்டினார். எதிரே ஒரு கட்டையில் ஒருவர் உட்கார்ந்து மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா காபி கொடுத்தார், அவர் குடித்தார். நான்காம் நாள், குழி அப்பாவின் தோள் உயரம் ஆனதும், அவர் வாய் திறந்தார்.

"நல்ல குழி, தெக்கத்தியாரே."

"ரொம்ப நன்றிங்க."

"நானே இந்த வாரம் இங்கதான் தோண்டலாம்னு இருந்தேன். இது என்னோட இடம்."

"ஐயோ! மொத நாளே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

அவர்தான் ஏத்தி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. குழிக்குக் கூலியாகத் தன் இடத்தின் கீழ்க்கோடியை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். இந்த ஊரே அப்படித்தான். கேட்காமல் யாரும் எதுவும் சொல்வதில்லை, எவ்வளவு தங்கம் கிடைத்தது என்று மட்டும் யாரையும் கேட்கவே கூடாது. அப்பா அதையும் முதல் நாளே கடையில் நின்று எல்லாரையும் கேட்டுவிட்டார். ஏத்தியைத் தவிர இரண்டு வாரம் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. அவர்கள் கோபத்தில் இருந்தார்கள் என்பதே எங்களுக்கு ஜூன் மாதம்தான் தெரிந்தது, ஏனென்றால் சாதாரணமாகவும் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். என்னை இங்கே வாயாடி என்கிறார்கள் அத்தை. "உங்க பொண்ணு நல்லாப் பேசுது, இன்னைக்கு ரெண்டு வார்த்தை பேசுச்சு" என்று கடைக்காரம்மா அம்மாவிடம் சொன்னார்கள். இதை உங்களுக்கு எழுத எந்தக் காரணமும் இல்லை, சும்மா எழுதினேன்.

ஜூன் மாதம் அப்பா ஒரு காபி டப்பா நிறைய மினுமினுப்பான மணலோடு வந்து, மேஜை விரிப்பில் கொட்டி, கண்ணீர் விட்டார். அம்மா ஊதிப் பார்த்தாள், பாதி பறந்து சர்க்கரைக் கிண்ணத்தில் விழுந்தது. வெறும் காக்காப்பொன், அப்பிரகத் தூள். இன்னும் எங்கள் காபி மினுமினுக்கிறது. ஜூலையில் கொசு. அப்பா தலைக்கு வலை போட்டுக்கொண்டு போவார், காபி குடிக்க மறந்துபோய் வலையோடு குடிப்பார், வடிகட்டின மாதிரி நன்றாயிருக்கிறது என்பார். சுமை குறையட்டும் என்று மதியச் சாப்பாட்டுக்குத் தனிப் பாத்திரம் எடுத்துப்போவதில்லை. அரிப்புச் சட்டியையே நெருப்பில் வைத்து, வெண்ணெய் போட்டு, சாசேஜும் குட்டி மீனும் பொரித்துத் தின்பார். பிறகு ரொட்டியால் வழித்துவிட்டு மறுபடி அரிக்கப் போவார். ஏத்தி எதிரே கட்டையில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதத்தில் அப்பா ஒரு துணுக்குத் தங்கமும் எடுக்கவில்லை. இரண்டு கிலோ ஏறியிருக்கிறார்.

அப்போதுதான் அம்மா கெடு வைத்தாள்.

"இல்மோ, கேட்டுக்கோ. உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகுறதுக்குள்ள, நான் கண்ணாடி போடாம பாக்குற மாதிரி தங்கம் கொண்டா. இல்லன்னா துர்க்குவுக்கே திரும்பிப் போறோம். அங்க எனக்குப் பாட்டுக் குழுவாவது இருக்கு. இங்க கோயில்ல பாடினா நான் ஒருத்திதான் பாடுறேன், மத்தவங்க வாய மட்டும் அசைக்கிறாங்க."

அப்பா நேராகத் தோட்டத்துக்குப் போய், பனி விழாமலிருக்க உருளைக்கிழங்குச் செடிகளுக்குப் போர்வை போர்த்தினார். முதலில் பழைய சாக்கு, பிறகு மேஜை விரிப்பு, பிறகு எங்கள் கம்பளிகள், கடைசியில் அம்மாவின் குளிர்காலக் கோட்டு. ஒரு வாரமாக நாங்கள் குளிரில் நடுங்குகிறோம், உருளைக்கிழங்கு சுகமாகத் தூங்குகிறது. ஆனால் ஓரத்தில் நின்ற ஒரே ஒரு செடிக்குப் போர்வை போதவில்லை. இன்று காலை அது கறுத்திருந்தது. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டுவந்து அப்பாவின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளுக்கும் இந்த ஊர்ப் பழக்கம் வந்துவிட்டது.

அதனால் நாங்கள் எல்லாருமே திரும்புகிறோம், கப்பல் பட்டறையில் அப்பாவை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். நாளை மதியம் கடைசியாக ஒருமுறை ஓடைக்குப் போய் ஏத்தியிடம் விடைபெற வேண்டும். இந்த ஊரைவிட்டு வருவதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இரண்டாவது தடவையாக மகிழ்ச்சி என்று எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் முழங்காலுக்கும் பூனைக்கும் கடவுள் துணையிருக்கட்டும். உங்கள் வாசலில் என் செருப்புக்கும் இடம் இருக்கட்டும்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மகள்
மெர்வி

பி.கு.: ஒட்டிய உறையை வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். விடைபெறப் போன இடத்தில், இனி நமக்கு எதற்கு, இந்தச் சட்டியை ஏத்திக்கே கொடுத்துவிடலாம், கொடுக்கிறது சுத்தமாக இருக்கட்டும் என்றாள் அம்மா. வீட்டில் பாத்திரம் கழுவுவது எப்போதும் என் வேலை. சுடுதண்ணீரும் சோப்பும் சாம்பலும் போட்டு மூன்று மாத மீன் கொழுப்பைத் தேய்த்தேன். கடைசியில் பளபளப்புக்காக அப்பாவின் குழியிலிருந்து ஒரு கை சரளை அள்ளிப்போட்டு அலசிக் கொட்டினேன். எல்லாம் போன பிறகும் சட்டியின் அடியோரத்தில் மஞ்சளாக ஒரு கோடு போகவில்லை. மறுபடி அலசினேன், அப்போதும் போகவில்லை. கடுகில் பாதி கூட இராது ஒவ்வொரு துணுக்கும், ஆனால் இருபதுக்கு மேல் இருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, ஏத்தி மூவரும் நின்றார்கள். கூப்பிட வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. அப்பா, அம்மா என்றுகூட வரவில்லை. வாயில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்தவர் வாங்க!" என்று கத்தினேன் அத்தை. மலை திருப்பிச் சொன்னது. மூவரும் தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தார்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள், சட்டியைப் பார்த்தாள், அங்கேயே சரளையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொழுப்பு இருந்தா பொடித்தங்கம் தண்ணி மேல மிதந்து போயிடும்" என்றார் ஏத்தி.

"யோவ், மூணு மாசமா எதிர்லயே உக்காந்திருந்தீரே!" என்றார் அப்பா.

"நீங்க கேக்கலையே. மீனும் நல்ல வாசனையா இருந்துச்சு."

இப்போது சட்டி அம்மாவிடம். மாலைவரை இடுப்பளவு தண்ணீரில் நின்று அரிக்கிறாள், பாடுகிறாள். அப்பாவைச் சட்டியைத் தொட விடுவதில்லை, அவருக்குக் காபி போடும் வேலை மட்டும்தான். உருளைக்கிழங்கிடமிருந்து என் கம்பளி திரும்பி வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதில் முழங்காலையும் பூனையையும் தவிர மற்ற எதையும் நம்ப வேண்டாம். நான் வரவில்லை அத்தை. இதைச் சொல்ல எனக்குப் பயமாகவே இல்லை. வெள்ளைச் செருப்பு வேண்டாம், அதே நூல் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா?